செவ்வாய்க்கிழமை என்று எழுதிய கடுதாசி

1

கமலவேணி கடுதாசியை அடுப்புக்குள் திணித்தாள். ஓரம் பற்றிக்கொண்டது. கூடத்தில் மகள் பூங்காவனம் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே பூத் தொடுத்துக்கொண்டிருந்தாள். அந்தக் குரலைக் கேட்டதும் கமலவேணி வெறுங்கையை நெருப்புக்குள் விட்டாள். காகிதத்தை உருவி, முந்தானையால் அமுக்கி அணைத்தாள்.

இங்கே நிறுத்துகிறேன். மூச்சு வாங்குகிறது, அவளுக்கல்ல, எனக்கு.

இந்தக் கதை பிறந்ததே அந்தக் கடுதாசியில்தான். ஓரம் கருகிய அந்தக் காகிதத்தை நான் கண்ணால் பார்த்தவன். அரியலூர், 1942, கார்த்திகை மாதம். பெயர்களை மாற்றியிருக்கிறேன். [ஒருவருடைய பெயரைச் சொல்லவே போவதில்லை.]

முதல் வரைவில் கடுதாசி முழுக்க எரிந்து சாம்பலாகிவிட்டது. ஏன் அப்படி எழுதினேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். வாரப் பத்திரிகையில் வளர்ந்தவன் நான். எதையாவது ஒளித்து வைக்காமல் எனக்குப் பேனா நகராது.

2

அன்று காலை வாசல் கோலத்தின் மேல், கல் வைத்துக் கிடந்தது அது:

"ஒன்பது வயதில் உடையார்பாளையத்தில் உன் கழுத்தில் ஏறி, பதினோரு வயதில் இறங்கிய தாலியை நீ மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை. உன் புருஷனுக்குத் தெரியாது. உன் மகளைக் கேட்டிருக்கும் செட்டிகுளத்துக்காரர்களுக்கும் தெரியாது. அந்தச் சம்பந்தத்தை நீயே முறித்துவிடு. வருகிற செவ்வாய்க்கிழமை உச்சிவேளையில் சிறுவாச்சூர் காளி சன்னதியில் நின்று, முறித்துவிட்டேன் என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய். தவறினால், முகூர்த்த நேரத்தில் பந்தலில் எழுந்து நின்று பேசுவேன்."

பெயர் கிடையாது. மொட்டைக் கடுதாசி. அந்தக் கடைசி வரியைக் கவனித்தீர்களா? பந்தல், மேளம், எழுந்து நிற்கும் ஒருவன். இன்னும் என் முதுகுத்தண்டு சில்லிடுகிறது.

3

கமலவேணியை என்ன செய்ய வைப்பது? மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

அ. அவள் பணிந்துவிடுகிறாள். பெட்ரோல் பஞ்சத்தில் கரி கேஸில் ஓடிய பஸ்ஸில் பெரம்பலூர் போய், அங்கிருந்து சிறுவாச்சூர் போகிறாள். கோயில் பூட்டிக் கிடக்கிறது.

(அந்தப் பக்கத்து வாசகர்களே, ஆசிரியருக்குக் கார்டு போட்டுவிடாதீர்கள். திங்களும் வெள்ளியும் தவிர அந்தக் கோயில் திறப்பதில்லை என்பது இப்போது எனக்குத் தெரியும். பிழை கதையில் இல்லை, கடுதாசியில் இருக்கிறது.)

இந்த முடிவு வேண்டாம். மிரட்டலுக்கு ஒரு தடவை பணிந்தவர்களுக்கு இரண்டாவது கடுதாசி வரும். முதல் கடுதாசி ஆழம் பார்க்கத்தான்.

ஆ. கமலவேணி கிணற்றடிக்குப் போய் மெல்ல—

இல்லை. இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். குற்றம் செய்தவன் எவனோ இருக்க, இவள் ஏன் சாக வேண்டும்?

இ. போலீஸ் ஸ்டேஷன். ஏட்டு கேட்கிறார்: "யாரு எழுதுனதும்மா இது?" அவளுக்குத் தெரியாது. கதை அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கிறது.

4

அவள் உண்மையில் செய்தது எனக்குத் தோன்றவே இல்லை. புருஷன் குருநாதன் கொல்லைக்காட்டிலிருந்து வந்ததும் சோறு போட்டாள். எதிரே உட்கார்ந்தாள்.

"எனக்கு நீங்க ரெண்டாவதுங்க."

"எது ரெண்டாவது? கொழம்பா?"

"தாலி."

சொல்லி முடித்தாள். குருநாதன் தட்டைத் தள்ளி வைத்தார்.

"பதினெட்டு வருசம். இன்னிக்குத்தான் ஒனக்கு வாய் வந்துச்சா?"

"கடுதாசி வந்துச்சு. அதான் வாய் வந்துச்சு. பந்தல்ல எவனோ சொல்லிக் கேக்குறதுக்கு நானே சொல்லிடறேன்."

அவர் எழுந்து கை கழுவினார். மாட்டுக் கொட்டகையில் வெகுநேரம் நின்றார். திரும்பி வந்து, "எடு அந்தக் காயிதத்த" என்றார். எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"செவ்வாக்கிழமையா? செவ்வாக்கிழம சிறுவாச்சூர்ல எவன்டி கதவத் தொறப்பான்?"

"நானும் அதத்தாங்க யோசிச்சேன். எழுதுனது நம்ம பக்கத்து ஆளு இல்ல."

"அம்மன்னா செவ்வாதான்னு நெனச்சிருக்கு அந்த மண்டு. சொன்னவன் நம்மூரான். எழுதுனவன் வேற." துண்டை உதறித் தோளில் போட்டு, "கெளம்பு" என்றார்.

"எம்மேல கோவம்…"

"இருக்கு. அது வூட்டுக்குள்ள உள்ளது, வந்து பாத்துக்கலாம். மொதல்ல இவன."

என்ன மனுஷர்கள்! இரகசியத்தை அவளே சொல்லிவிட்டாள்; மிரட்டியவன் கையில் இப்போது ஒன்றுமே மிச்சமில்லை. இருபது வருடம் துப்பறியும் கதை எழுதியும் இந்தச் சின்ன விஷயம் எனக்குத் தெரியாமல் போயிற்று.

5

அந்த வருஷம் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று மெட்ராஸே காலியானது. அப்படி ஓடிவந்து அரியலூரில் தங்கியவர் ஒருவர். பஞ்சநாதனின் கடலை மண்டி மாடியில் குடியிருந்தார். பத்து எழுத்து எழுத வேண்டுமென்றால் பாதி ஊர் அவரிடம்தான் வரும்.

அந்தக் கதவைத்தான் அவர்கள் தட்டினார்கள். கமலவேணியின் வலக்கையில் வாழைக்குருத்து சுற்றியிருந்தது. இடக்கையால் காகிதத்தை நீட்டினாள்.

"சண்டைக்கு வரல சார். போன மாசம் எங்களுக்கு மனு எழுதிக் குடுத்தீங்க, அதே எழுத்துதான் இது. யாரு சொல்லி எழுதுனீங்கன்னு ஸ்டேசன்ல வந்து ஒரு வார்த்த சொல்லுங்க. எம் பொண்ணு பந்தல்ல பயப்படாம ஒக்காரணும்."

கீழே பஞ்சநாதன் மூட்டை தூக்குகிறவர்களை அதட்டும் குரல் கேட்டது.

மெட்ராஸ்காரர் காகிதத்தைப் பார்த்தார். அவருடைய—

அவர், அவர் என்று எத்தனை தடவை எழுதுவது? அடித்துவிடுகிறேன்.

ஸ்டேஷனுக்குப் போனதாக ஒரு முடிவு வைத்திருக்கிறேன். "என் எழுத்து இல்லையம்மா" என்று கதவைச் சாத்தியதாக இன்னொன்று. நடந்தது இரண்டில் ஒன்று. நான் சொல்லப்போவதில்லை. இவ்வளவு தூரம் என்னோடு வந்துவிட்டீர்கள். அந்தக் கதவில் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்களோ, அதை எழுதிக்கொள்ளுங்கள்.

கடுதாசியை முதல் வரைவில் ஏன் எரித்தேன் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

பஞ்சநாதனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஊதாரி மகனுக்குப் பெண் கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்தார். கமலவேணி கடுதாசியோடு வருவதற்கு இரண்டு நாள் முன்பு மாடியேறி என்னிடம் வந்தார். "சார், பத்திரிகைல திகில் கத எழுதுறீங்களாமே. இப்புடி ஒருத்தி மொதத் தாலிய மறைச்சு வச்சிருக்கா, அவள மெரட்டி ஒரு கடுதாசி வருதுன்னா எப்புடிங்க எழுதுவீங்க? ஊர்ப் பேரெல்லாம் நெசமா இருக்கட்டும், அப்பத்தான் கத நிக்கும்" என்றார்.

கதைதானே என்று எழுதினேன். கோயிலும் சத்தியமும் பந்தலும் நான் சேர்த்தவை. படித்துக் காட்டினேன். இரண்டாம் வரியிலேயே, "போதும் சார், ஒடம்பு ஆடுது" என்று மடித்து மடியில் செருகிக்கொண்டார்.

அவர் படியிறங்கிய பிறகு, அவர் கேட்காமல் போன கடைசி வரியை நான் எனக்காக ஒருமுறை உரக்கச் சொல்லிப் பார்த்தேன். அவ்வளவு நன்றாக இருந்தது.