ஓடக்காரிக்கு என்ன ஆயிற்று

புத்தகம் படிக்கிறவர்களைப் போல நல்லவர்கள் உண்டா என்று கேட்பீர்கள். நானும் அப்படிக் கேட்டவள்தான். இந்தக் கதையைக் கேட்டுவிட்டு நீங்களே ஒரு முடிவுக்கு வாருங்கள், கண்ணுகளா.

ஒரு வாசகர் வட்டம். வருடத்துக்கு ஒரு தடவை, சனியும் ஞாயிறும் முழுக்க, எல்லாரும் ஒரே இடத்தில் கூடி உட்கார்ந்து படிப்பார்கள். வாசிப்பு மாரத்தான் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். படிக்கும்போது பேச்சு கூடாது. செல்போனை வாசலில் வைத்த பிளாஸ்டிக் வாளியில் போட்டுவிட வேண்டும். டீ வரும்போது மட்டும் வாயைத் திறக்கலாம். அதிகப் பக்கம் படித்தவருக்கு ஒரு கோப்பை.

வட்டத்தில் ஒருத்தி நர்சரிப் பள்ளி நடத்துகிறவள். விடுமுறை நாளில் அந்தப் பள்ளிக்கூடம் சும்மாதானே கிடக்கிறது? அங்கேதான் மாரத்தான். சுவரெல்லாம் குழந்தைகள் வரைந்த சூரியனும், நாலு காலில் ஒன்று குறைந்த யானையும். உட்காரக் குட்டி குட்டி நாற்காலிகள். "இதுல உக்காந்துடலாம் டீச்சர். எழுந்திருக்கத்தான் கிரேன் வரணும்" என்று டாக்ஸி ஓட்டுகிறவர் முதல் நாள் காலையிலேயே எல்லாரையும் சிரிக்க வைத்துவிட்டார்.

அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொள்ளாமல், ஜன்னலோரம் மடியில் ஒரு தடிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். சலவைக் கடை வைத்திருப்பவள். வட்டத்துக்குப் புதுசு. அவளைக் கூட்டிக்கொண்டு வந்தது அவள் நாத்தனார்.

அந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நடந்தது புரியாது.

அவளுடைய வீட்டுக்காரர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுனர். பிள்ளைகளைக் காலையில் கொண்டுபோய் விட்டால் திரும்ப மாலையில்தான் வேலை. நடுவில் கிடைக்கிற நேரமெல்லாம் மனைவியின் கடையில். அவள் இஸ்திரி போடுவாள். அவர் துணி மூட்டையின் மேல் உட்கார்ந்து கதைப் புத்தகத்தை உரக்கப் படிப்பார். இஸ்திரிப் பெட்டி நீராவியை உஸ்ஸென்று விடும்போது நிறுத்துவார். ஓய்ந்ததும் விட்ட வார்த்தையிலிருந்து தொடங்குவார். இப்படியே எத்தனையோ புத்தகம். அதில் கடைசியாக எடுத்தது இது. பழைய புத்தகக் கடையில் தூசி தட்டி வாங்கியது. எழுதியவர் பேரை யாரும் கேள்விப்பட்டதில்லை.

கதை ஒரு ஓடக்காரியைப் பற்றியது. சண்டை போட்டுக்கொண்டு போன அக்காவைத் தேடி, ஒரு பெரிய ஆற்றில் ஊர் ஊராக ஓடம் வலித்துக்கொண்டே போகிறாள். அக்காவும் தங்கையும் சேருவார்களா, மாட்டார்களா? புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் இதில் பந்தயம். "சேருவாங்க பாரு" என்பார் அவர். "சேர மாட்டாங்க. இந்த மாதிரிக் கதையெல்லாம் அழ வைக்கத்தான் எழுதறாங்க" என்பாள் இவள். தோற்றவர் வெள்ளைச் சட்டைக் காலரையெல்லாம் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். இரண்டு பேருக்கும் பிடிக்காத வேலை அது. யாரும் முன்கூட்டிக் கடைசிப் பக்கத்தைப் பார்க்கக் கூடாது என்றும் பேச்சு.

ஒரு மதியம், நேரமாகிவிட்டது என்று புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு பஸ்ஸை எடுக்கப் போனார். ஷெட்டிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

கவிழ்ந்த இடத்தில், துணிக்குக் கட்டுகிற அடையாளச் சீட்டு ஒன்றை வைத்து அவள் புத்தகத்தை மூடினாள். அதன் பிறகு எத்தனையோ நாள் பிரித்தாள். ஒரு வரி படித்தால் அவர் குரலில்தான் கேட்கும். இரண்டாவது வரிக்குள் கண் மறைத்துவிடும். ஆனால் அந்த முடிவை அவள் தெரிந்துகொண்டாக வேண்டும். அவர் விட்டுப் போனதில் பாக்கி இருந்த ஒரே பேச்சு அது.

நாத்தனார்தான் வழி சொன்னாள். "ஆளுங்க நடுவுல உக்காந்தா அழ வெக்கமா இருக்கும் அண்ணி. படிச்சு முடிச்சுடுவீங்க, வாங்க."

அவள் சொன்னது பலிக்கத்தான் செய்தது. சனிக்கிழமை காலையில் முதல் பக்கத்தில் கொஞ்சம் தடுமாறினாள். பிறகு அவர் குரல் தானாக வந்து படிக்க ஆரம்பித்தது. இவள் கண்ணை மட்டும் ஓட்டிக்கொண்டு போனாள். ஓடக்காரி ஒரு சந்தைத் துறையில் ஏமாந்தாள், ஒரு பாலத்தடியில் காய்ச்சலில் கிடந்தாள், எழுந்து மறுபடி துடுப்பெடுத்தாள். சலவைக் கடைக்காரி ஒரு இடத்தில் வாய்விட்டுச் சிரித்துக்கூட விட்டாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நாத்தனாருக்குப் பெருமை தாங்கவில்லை.

மதிய டீ வந்தது. டீயோடு மருந்துக் கடைக்காரரும் வந்தார்.

வட்டத்தில் அவர் பேர் நூலகம். நடமாடும் நூலகம் என்று வைத்து, கூப்பிட நீளமாக இருக்கிறது என்று நூலகமாகிவிட்டது. எந்தப் புத்தகத்தைச் சொன்னாலும் படித்திருப்பார். "படிக்கலையே" என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததை யாரும் கேட்டதில்லை. ஒவ்வொரு வருடக் கோப்பையும் அவர் கடையில் இருமல் மருந்துக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கும்.

"என்ன படிக்கறீங்கம்மா?" என்று அட்டையைத் திருப்பிப் பார்த்தார். ஒரு நொடி கண் சுருங்கியது. உடனே முகம் மலர்ந்துவிட்டது. "ஓ, இதுவா! அபாரமான நாவலாச்சே. அந்த ஓடக்காரி—"

"ஐயா, அண்ணி இன்னும் முடிக்கல, சொல்லிடாதீங்க" என்று நாத்தனார் பிஸ்கட்டோடு ஓடி வந்தாள்.

"—கடைசியில அக்கா வீட்டுக் கரை தெரியுற நேரத்துல ஓடம் கவுந்து முழுகிப் போவா பாருங்க. நான் ரெண்டு நாள் சாப்பிடல!"

"அட, நூலகம்! போட்டு உடைச்சிட்டீங்களே" என்றார் டாக்ஸிக்காரர்.

"நல்ல புத்தகத்துக்கு முடிவு தெரிஞ்சா என்னய்யா குறைஞ்சு போகும்? முடிவுக்காகவா படிக்கறோம்?"

அதற்கு எல்லாரும் தலையாட்டினார்கள். கேட்க நன்றாக இருந்த பேச்சல்லவா? சலவைக் கடைக்காரியின் டீ கையிலேயே ஆறியது.

வீடு திரும்புகிற வழியில் மெல்லச் சொன்னாள்: "உங்கண்ணன் தோத்துட்டாரு."

"விடுங்க அண்ணி."

"நான்தான் ஜெயிச்சேன். சேர மாட்டாங்கன்னு அப்பவே சொன்னேன், கேட்டாரா? காலர் தேய்க்க ஆளைக் காணோம்." சிரிக்கப் பார்த்தாள். சரியாக வரவில்லை. கடையைத் திறந்து, அவர் உட்காரும் மூட்டையைப் பார்த்து, அங்கேயும் அதையே சொன்னாள். நீங்க தோத்துட்டீங்க என்று.

ஞாயிற்றுக்கிழமை அவள் போகாமலே இருந்திருக்கலாம். ஆனால் பாதியில் விட்டால் அவருக்குச் செய்கிற துரோகம் என்று நினைத்துப் போனாள். அன்றைக்கு அவர் குரல் வரவில்லை. காற்று வீசுகிறது என்று எழுதியிருந்தால், இதோ இங்கேதான் என்று பக்கத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். அலை என்று வந்தால் இமைக்க மாட்டாள். ஓடக்காரி பாடியது, ஒரு கிழவனோடு வம்பளந்தது, அக்காவுக்கென்று ஒரு சேலை வாங்கியது எதுவும் மனசில் ஏறவில்லை. சாகப் போகிறவளுக்கு எதற்குச் சேலை என்றுதான் தோன்றியது. அக்கா வீட்டுக் கரை தெரிந்தது. இதோ, இதோ. ஓடம் கரையில் முட்டியது. இறங்கினாள். படியேறினாள். கதவைத் தட்டினாள். கதவு திறந்தது. "சாப்பிட்டியா?" என்றாள் அக்கா.

அடுத்த அலைக்காகப் பக்கத்தைத் திருப்பினாள். வெள்ளைத் தாள். அதற்கடுத்தும் வெள்ளைத் தாள். அட்டை.

வெகு நேரம் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தாள் ஏதும் கிழிந்திருக்கிறதா என்று தையலைத் தடவிப் பார்த்தாள். கிழியவில்லை. கதை முடிந்துவிட்டது. அவர் ஜெயித்திருந்தார். கதவு திறந்தபோது படிக்கிற இவள் அந்த இடத்தில் இல்லை. ஓடம் எப்போது கவிழும் என்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள்.

மாலையில் பள்ளிக்கூட மணியை அடித்து மாரத்தானை முடித்தார்கள். கோப்பை இந்த வருடமும் நூலகத்துக்குத்தான். கை தட்டினார்கள். ஒவ்வொருவரும் எழுந்து தான் படித்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார்கள். இவள் முறை வந்தது. எழுந்து நின்றாள்.

"ஓடக்காரி சாகல" என்றாள்.

யாருக்கும் புரியவில்லை.

"ஐயா நேத்து சொன்னாரு, முழுகிப் போவான்னு. முழுகல. அக்கா வீட்டுக்குப் போய்ச் சேந்துட்டா. இதுல அப்படித்தான் இருக்கு."

மருந்துக் கடைக்காரர் கோப்பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். "நான் படிச்சது பழைய பதிப்பும்மா. அதுல முழுகித்தான் போறா. அப்புறம் மாத்தியிருப்பாங்க."

அவள் முன்பக்கத்தைப் பிரித்தாள். "முதல் பதிப்புன்னு போட்டிருக்கு. இதுக்கு முந்தி ஏதுங்க பழசு?"

"அப்படின்னா நான் படிச்சது பிந்தினது."

"பிந்தினதாத்தான் இருக்கும்" என்று யாரோ சொன்னார்கள். "மாத்துவாங்க, மாத்துவாங்க." அறை முழுக்க ஒரு நிம்மதி பரவியது.

"ஐயா, நீங்க இதைப் படிக்கவே இல்ல. படிக்கலன்னு சொல்லியிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்?"

"அக்கா" என்று நர்சரி டீச்சர் சின்னக் குழந்தையிடம் பேசுகிற குரலில் ஆரம்பித்தாள். "நல்லபடியாத்தானே முடிஞ்சிருக்கு? சந்தோஷப்பட வேண்டியதுதானே? வேணும்னா இன்னொரு தடவ படிச்சா போச்சு."

"முதல் தடவை படிக்கறதை எங்க போய் வாங்கறது, டீச்சர்?"

அவள் கடைசிப் பக்கத்தைப் பிரித்து, விரலை வைத்து, புத்தகத்தை முன்னால் நீட்டினாள். "நான் சொல்றது பொய்யாவே இருக்கட்டும். யாராவது ஒருத்தர் வாங்கிப் பாருங்க. அரைப் பக்கம்தான்."

பாருங்கள் கண்ணுகளா, இரண்டு நாளாகச் சோறு தண்ணியை மறந்து படித்தவர்கள். புத்தகம் என்றால் உயிரையே விடுவோம் என்கிறவர்கள். அத்தனை பேர் இருந்த அறையில் ஒரு கைகூட நீளவில்லை. டாக்ஸிக்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "அக்கா, படிச்சுப் படிச்சுக் கண்ணு பூத்துப் போச்சு. இனி போர்டுகூடப் படிக்க முடியாது, வீட்டுக்கே வழி கேட்டுத்தான் போகணும்" என்றார். சிரித்தார்கள். சிரிக்க ஒரு சாக்குக் கிடைத்ததற்காகவே உரக்கச் சிரித்தார்கள்.

அவள் நாத்தனாரிடம் திரும்பினாள். "நீயாவது பாரும்மா. உன் அண்ணன் சொன்னதுதான் நடந்திருக்கு."

நாத்தனார் எழுந்து வந்தாள். புத்தகத்தை அல்ல, அண்ணியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "விட்டுடுங்க அண்ணி" என்றாள் காதருகில். "எனக்குப் பேச இவங்களை விட்டா யாரு இருக்கா?"

பிறகு குழுப் படம் எடுக்க வரிசையாக நின்றார்கள். "புத்தகத்தை நெஞ்சுக்கு நேரா பிடிங்க, அட்டை தெரியட்டும்" என்று டீச்சர் சொல்லிக்கொண்டிருந்தாள். சலவைக் கடைக்காரி வாளியிலிருந்து தன் போனை எடுத்துக்கொண்டு தனியாக வீட்டுக்கு நடந்தாள்.

இதோடு விட்டிருந்தால் மறந்து தொலைத்திருப்பாள். கொஞ்ச நாள் கழித்து நாத்தனார் கடைக்கு வந்தாள். கையில் கொடுக்க வேண்டிய துணி ஒன்றும் இல்லை. அதையும் இதையும் பேசினாள். கடைசியில் விஷயத்துக்கு வந்தாள்.

"அண்ணி, வட்டத்தோட அடுத்த மாசக் கூட்டத்துக்கு அந்த ஓடக்காரி கதையத்தான் எடுத்திருக்கோம். எல்லாருக்கும் ஆசை வந்துடுச்சு. ஆனா எங்க தேடியும் புத்தகம் கிடைக்கல. உங்களது ஒண்ணுதான்."

"யாரு பேசப் போறது?"

நாத்தனார் இஸ்திரி மேசையின் ஓரத்தைச் சுரண்டினாள். "மருந்துக் கடை ஐயாதான். அவர்தானே முன்னாடியே படிச்சிருக்காரு... ஒரு தடவ புரட்டிப் பாத்துக்கறேன்னு கேட்டாரு."

சலவைக் கடைக்காரி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். உள்ளே போய்ப் புத்தகத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள்.

"எடுத்துட்டுப் போ. நான் தடுக்கல. ஆனா கடைசி அத்தியாயத்தை நீ எனக்கு உரக்கப் படிச்சுக் காட்டிட்டுப் போ. அன்னிக்கு நான் ஒழுங்காக் கேக்கல. உன் குரல்ல அவர் சாயல் இருக்கு. அந்த மூட்டை மேல உக்காரு."

நாத்தனார் மூட்டையைப் பார்த்தாள். புத்தகத்தைப் பார்த்தாள். வாசலில் ஒரு டாக்ஸி ஹாரன் அடித்தது.

"வட்டத்து ஆளுங்க வெளிய காத்துக்கிட்டு இருக்காங்க அண்ணி. இன்னொரு நாளைக்கு வந்து நிச்சயமா படிக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே புத்தகத்தை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தாள். படியிறங்கும்போது திரும்பி, "பத்திரமாக் கொண்டுவந்து குடுத்துடுவேன்" என்றாள்.

வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. சலவைக் கடைக்காரி மேசையைத் துடைத்தாள். பிறகு உள்ளேயிருந்து வெள்ளைச் சட்டைகளை அள்ளிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாகக் காலரைப் பிரித்து, பிரஷ் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். தோற்றவள் அவள்தானே.