ஐயாயிரத்து ஐம்பது வாட்

எங்கள் கட்டடத்தின் மெயின் ஃபியூஸ் ஒரே வாரத்தில் மூன்று முறை போனது. மூன்றாவது முறை போனதற்கு மறுநாள் லிஃப்ட் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். எட்டு வீடுகள், எட்டு ஏசிகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு எண். ஐந்தாம் எண் வீடு எங்களுடையது. அதற்கு எதிரே 5050 வாட். மற்ற எந்த வீடும் இரண்டாயிரத்து நூறைத் தாண்டவில்லை. கீழே சிவப்பு மையில், "அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்கும் ஐந்தாம் வீட்டு ஏசியின் இணைப்பு ஞாயிறு காலை பத்து மணிக்குத் துண்டிக்கப்படும்."

அக்காவுக்கு நரம்பு நோய். உடம்பில் சூடு கொஞ்சம் ஏறினாலும் வலது கண் மங்கும், பிறகு கால் மரத்துப்போகும். வீட்டிலிருந்தபடியே கணினியில் கட்டட வரைபடம் வரைகிறாள். ஃபியூஸ் போன மூன்று நாளும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் குளியலறைக்குப் போனாள். அந்த ஏசி எங்களுக்குச் சொகுசு இல்லை.

மொட்டைமாடிக்குப் போனேன். எட்டு வீடுகளின் ஏசிப் பெட்டிகளும் அங்கேதான் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு தகடு. மற்ற ஏழும் பழையவை. அவற்றில் குளிரூட்டும் திறன் வேறு ஏதோ அளவில் இருந்தது. வாட் என்று ஒரே ஒரு எண்தான், அது மின்சாரத்துக்கானது. எங்களுடையது போன வருடம் வாங்கியது. அதில் வாட் இரண்டு இடத்தில் இருந்தது. முதல் வரி, குளிரூட்டும் திறன் 5050 வாட். இரண்டு வரி தள்ளி, மின்சாரம் 1480 வாட்.

அந்தத் தாளை எழுதிய குடியிருப்போர் சங்கச் செயலாளர் கிடங்கு மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சரக்கு எண்ணுவதுபோல எண்ணிக்கொண்டே போனவர், வாட் என்று முதலில் கண்ணில் பட்டதை எழுதிக்கொண்டு நகர்ந்திருக்கிறார். ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. அறையிலிருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகிறது. அள்ளிய அளவு 5050, அதற்கு வாங்கிய கூலி 1480. அவர் மூட்டையின் எடையைப் பார்த்துவிட்டு, சுமக்கிறவன் அத்தனையையும் தின்றுவிட்டான் என்று எழுதியிருந்தார்.

சனிக்கிழமை அவர் வீட்டு வாசலில் நின்றேன். நாலு முறை மணி வரை கையைக் கொண்டுபோய் எடுத்தேன். ஐந்தாவது முறை அழுத்தினேன்.

"சார், அந்த ஐயாயிரம் குளிரூட்டற திறன். கரண்ட் கீழே தனியா இருக்கு. ஆயிரத்து நானூத்தி எண்பதுதான்."

"வாட்னு போட்டிருக்கா, இல்லையா?"

"போட்டிருக்கு சார். ஆனா..."

"அப்புறம் என்னம்மா ஆனா? பல்புல நாப்பது வாட்னா நாப்பது வாட் கரண்ட். ஏசிக்கு மட்டும் தனிச் சட்டமா?"

உள்ளிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தார். "அவங்களுது அஞ்சு ஸ்டாராம்ங்க. நம்மளுது ரெண்டே ரெண்டு. ஸ்டார் ஏற ஏற இழுக்கறதும் ஏறத்தானே செய்யும்?"

நட்சத்திரம் ஏறினால் செலவு குறையும். அதைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவர் கதவைச் சாத்திவிட்டார்.

"என்ன ஆச்சு?" என்றாள் அக்கா, நான் வீட்டுக்குள் நுழைந்ததும்.

"கேட்கல."

"ஊமைக்கோட்டானை வக்கீலா அனுப்பினேன் பாரு, என்னைச் சொல்லணும். நாளைக்கு நானே வரட்டுமா?"

"இறங்கிடுவ. ஃபியூஸ் போய் லிஃப்ட்டும் நின்னுட்டா எப்படி ஏறுவ?"



ஞாயிறு காலை கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். எலக்ட்ரீஷியனும் பையோடு வந்து தூணில் சாய்ந்து நின்றார். நான் எழுதிக்கொண்டு போன தாள் வியர்வையில் நனைந்திருந்தது.

"எங்க ஏசிக்குப் பதினாறு ஆம்பியர் பிரேக்கர். அதைத் தாண்டி இழுத்தா தானா விழுந்து கரண்டை நிறுத்திடும். ஐயாயிரம் வாட்னா இருபத்திரண்டு ஆம்பியர். நிஜமாவே அவ்வளவு இழுத்தா, நாள் முழுக்க ஓடற ஏசிக்கு அந்த பிரேக்கர் நிக்காது. தினமும் விழுந்திருக்கணும். ஒரு நாள்கூட விழல."

நாலாம் வீட்டு வாத்தியார் சிரித்தார். "கட்டடத்து ஃபியூஸே போகுது, இவங்க வீட்டுது மட்டும் கல்லு மாதிரி நிக்குதாம். அதுக்குப் பேரு சாட்சியா, வாக்குமூலமா?"

எல்லோரும் சிரித்தார்கள். தகட்டில் இரண்டு எண் இருப்பதை மறுபடி சொன்னேன். பாதியிலேயே செயலாளர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அக்காவுக்கு முடியலைன்னு எங்களுக்கும் வருத்தம்தாம்மா. அதுக்காக எட்டு வீடும் இருட்டுல உட்கார முடியுமா? ரெண்டு ஃபேனா போட்டுக்குங்க. தம்பி, நீ வேலையைப் பாரு."

எலக்ட்ரீஷியன் படிக்கட்டின் அடியிலிருந்த மின் பெட்டியைத் திறந்தார். பின்னாலேயே ஓடினேன்; செயலாளரும் மற்றவர்களும் எழுந்து வந்தார்கள். அவர் திருப்புளியை எடுத்தார், எங்கள் பிரேக்கரைப் பார்த்தார், திருப்புளியைக் கீழே வைத்தார்.

"சார், ஐயாயிரம்னீங்களே? இதுல பதினாறு ஆம்பியர்தான் இருக்கு. அவ்வளவு இழுத்தா நிக்காதே."

கம்பியைக் கவ்விப் பிடிக்கும் மீட்டர் ஒன்றைப் பையிலிருந்து எடுத்து மாட்டினார். "நாலரை ஆம்பியர். ஆயிரம் வாட் சொச்சம்."

"அப்போ அந்த ஐயாயிரம்?" என்றார் செயலாளர்.

"அது குளிர்ச்சிக் கணக்கு சார். கரண்ட் கணக்கு அதே தகட்டுல கீழே இருக்கும்."

"ஓஹோ!" என்றார் செயலாளர். "அப்படியா!" என்றார்கள் பின்னால் நின்றவர்கள். வாத்தியார் என் பக்கம் திரும்பினார்.

"இதை நீ அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா?"

என் காது இரண்டும் கொதித்தன.

"சொன்னேன். நேத்து ஒரு தடவை, இன்னிக்கு ரெண்டு தடவை. பதினாறு ஆம்பியரும் சொன்னேன், கீழே இருக்கற எண்ணும் சொன்னேன். இந்த எலக்ட்ரீஷியன் ஒரு வார்த்தை புதுசாச் சொல்லல."

"இவ்வளவு தெளிவாச் சொல்லலையே?"

"நீங்க சிரிச்சுக்கிட்டிருந்தீங்க சார். எப்படிக் காதுல விழும்?"

இதற்குள் எலக்ட்ரீஷியன், தொழில் புத்தி, பக்கத்துக் கம்பிகளிலும் மீட்டரை மாட்டிக்கொண்டே போனார். ஒன்றில் நின்றார். "இதுதான் சார் பெரிய தீனி. ஒன்பது ஆம்பியர். பழைய ஏசியாத்தான் இருக்கும். இது யார் வீடு?"

அது செயலாளர் வீடு.

"அப்போ எதைக் கழட்டணும் சார்?"

"லீவு நாள்ல உன்னை வேற தொந்தரவு பண்ணிட்டோம். நீ கிளம்புப்பா," என்றார் செயலாளர்.

மாலையில் தீர்மானப் புத்தகத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். ஏழு கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. "சும்மா ஒரு கையெழுத்து. முடிஞ்ச விஷயம்தானே."

எங்கே போடச் சொன்னாலும் படிக்காமல் போடுகிறவள் நான். அன்று படித்தேன். "ஐந்தாம் வீட்டார் தங்கள் ஏசியின் விவரத்தை உரிய முறையில் தெரிவிக்காததால் ஏற்பட்ட குழப்பம், எலக்ட்ரீஷியனின் விளக்கத்தால் தீர்ந்தது."

பேனாவை வாங்கி அந்த வரியை அடித்தேன்.

"ஐயோ, தீர்மானத்துல கை வைக்கக் கூடாதும்மா!"

அதன் கீழே எழுதினேன்: "செயலாளர் தகட்டைத் தவறாகப் படித்தார். ஐந்தாம் வீட்டார் மூன்று முறை சொன்னார்கள். சங்கம் கேட்கவில்லை. லிஃப்ட் பக்கத்துத் தாளைச் சங்கமே கிழிக்க வேண்டும்." கையெழுத்துப் போட்டேன். பக்கத்தில் பெயரை விரித்து எழுதினேன்.

அவர் இரண்டு முறை படித்தார். புத்தகத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"அமைதியான பொண்ணுன்னு நெனச்சேன்."

"நானும்தான் சார்," என்றாள் அக்கா உள்ளேயிருந்து, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "பேசி முடிச்சாச்சுன்னா கதவைச் சாத்துங்க. குளிரெல்லாம் வெளியே போகுது."