பன்னிரண்டாவது வாரம்

ஸ்கேன் அறைக்கு வெளியே பென்னி நின்றுகொண்டிருந்தான். பெஞ்சில் இடம் இருந்தது. கும்மிடிப்பூண்டி ரோலிங் மில்லில் ஒன்பது வருஷம் கான்ட்ராக்ட்டில் நின்றே வேலை பார்ப்பவனுக்கு, உட்கார்ந்தால் யாராவது திட்டுவார்கள் என்று ஒரு நினைப்பு. மனைவி ஹெலன் உள்ளே போய்ப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. முந்தைய இரண்டு கருவும் ஒன்பதாவது வாரத்தைத் தாண்டவில்லை. இது பன்னிரண்டு.

“ஹெலன் வீட்டுக்காரர் வாங்க,” என்று நர்ஸ் கூப்பிட்டாள்.

டாக்டர் மிருதுளா திரையைக் காட்டினார். வெல்டிங் பொறி போல ஒன்று இடைவிடாமல் துடித்துக்கொண்டிருந்தது.

“துடிப்பு நல்லா இருக்கு. புரோஜெஸ்டிரோன் மாத்திரையை நிறுத்திடலாம்.”

பென்னியின் முகம் செத்துப்போனது. நிறுத்திவிட்டார்கள் என்றால் மில்லில் அவன் அறிந்தவரை ஒரே அர்த்தம்தான்.

“நிறுத்தாதீங்க மேடம். நல்லாத்தான வேலை செஞ்சிக்கினு இருந்துச்சி. எதுனா தப்பு பண்ணிச்சா?”

“யாரு, மாத்திரையா?” டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். “குழந்தையில பாதி நீங்க. அவங்க உடம்புக்கு நீங்க வெளியாள். கிருமியைத் துரத்துற மாதிரி அதைத் துரத்திடாம உடம்பைச் சாந்தமா வெச்சிருக்கிறதுல இந்த ஹார்மோனுக்கும் பங்கு உண்டு. ஆரம்பத்துல சினைப்பைதான் சுரக்கும். அது பத்தாதோன்னு மாத்திரை கொடுத்தோம். இப்ப நஞ்சுக்கொடி வளர்ந்து அந்த வேலையைத் தானே எடுத்துக்கிச்சு.”

“இவ ஒடம்புக்கே எம்மேல சந்தேகமா?”

“எங்கம்மாக்கு அப்பவே இருந்துச்சி,” என்றாள் ஹெலன், வயிற்றில் தடவியிருந்த ஸ்கேன் ஜெல்லைத் துடைத்தபடி. “ஒடம்புக்குத்தான் லேட்டாத் தெரிஞ்சிருக்குது.”

வெளியே வந்ததும் அவள் அவன் விலாவில் இடித்தாள். “பாத்தியாய்யா, நஞ்சுக்கொடி மூணே மாசத்துல பர்மனென்ட் ஆயிடுச்சி.”

“அதுலயும் பாதி நாந்தானே. எப்டி ஒட்டிக்கினு நின்னுச்சி பாரு.”

புதுவாயலில் பஸ்ஸிலிருந்து இறங்கி இரண்டு கிலோ ஜாங்கிரி வாங்கினான். ஹெலனை வீட்டில் விட்டுவிட்டு இரண்டாம் ஷிப்ட்டுக்குப் போனபோது, மில் வாசலில் கான்ட்ராக்டரின் ஆள் ஆதிநாராயணன் மூன்று மாதத்துக்கொருமுறை செய்வதுபோல் தொழிலாளிகளின் பழைய அடையாளக் கார்டுகளை வாங்கிக்கொண்டு புதியவற்றைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

“இன்னாடா விசேசம்?” இரண்டு ஜாங்கிரியை எடுத்துக்கொண்டார்.

“அப்பனாவப் போறேண்ணா.”

“சபாஷ். இந்தா.”

புதுக் கார்டில் ‘வேலையில் சேர்ந்த நாள்’ என்ற இடத்தில் இன்றைய தேதி இருந்தது. பென்னி ஸ்கேன் படத்தை மடித்து, கார்டின் முதுகோடு சேர்த்து பிளாஸ்டிக் உறையில் செருகினான். கழுத்தில் மாட்டிக்கொண்டு, தன் முப்பத்தேழாவது முதல் நாள் வேலைக்கு உள்ளே போனான்.