சினை நண்டு

இந்தக் காலத்து ஆட்கள் கூட்டத்தில் கை தூக்குவதோடு சரி, சொன்னபடி எவனும் நடப்பதில்லை. முட்டை சுமக்கும் சினை நண்டைப் பிடித்தால் கடலிலேயே விடுவதென்று தஞ்சோங் தோக்கோங் மீனவர்கள் எல்லாரும் ஒத்துக்கொண்டோம். எவன் விடுகிறான்?

காய்ச்சலில் படுத்திருந்த என் மனைவி தனபாக்கியம் நண்டு ரசம் கேட்டாள். அன்று என் வலையில் சிக்கியது ஒரே நண்டு. அதுவும் சினை.

"விட்டுடுங்கண்ணே, பாவம் லா," என்றான் படகுத்துறையில் பக்கத்துப் படகுக்காரன் ஷேக் அலாவுதீன்.

"நான் விட்டா நீ பிடிப்ப."

வீட்டுக்குப் போன் போட்டு, கிடைத்தது சினை நண்டுதான் என்றேன்.

"பிள்ளத்தாச்சியையா கொதிக்க வைக்கச் சொல்றீங்க? எனக்குக் கஞ்சி போதும்," என்றாள்.

நண்டின் கால் ஒடியாமலிருக்க வலையை அறுத்து, அதைத் தண்ணீரில் இறக்கினேன்.

"நாளைக்கு எவன் சட்டியிலயாவது வேகும், பாரு," என்று அலாவுதீனிடம் சொல்லிவிட்டு நடந்தேன்.