நாலு பச்சை

வழக்கமாகச் சரக்கு எடுக்கும் வியாபாரி முத்துராஜா மொபைலைக் கையில் வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "என்ன மாப்ள, கருமாதிப் பத்திரிகை மாதிரி இருக்கு?" என்றார்.

கடையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். அஜய்குமாரும் சிரித்து வைத்தான். போடி பஜாரில் அவன் அப்பா சண்முகராஜுக்கு ஏலக்காய்க் கடை. வெளியூர் வியாபாரிகள் மொபைலிலேயே சரக்கைப் பார்த்து வாங்க ஓர் ஆப் வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். கோடிங் வேலையை அஜயின் நண்பன் சகாய பிரவீன் செய்தான். திரையில் எது எங்கே, எப்படி இருக்க வேண்டும் என்பதெல்லாம் அஜய் பார்த்தது. வெள்ளைத் திரை, கறுப்பு எழுத்து, முடி மாதிரி ஒரு கோடு, சுற்றிலும் நிறைய வெற்றிடம். ஏலக்காய்ப் படங்கள்கூடக் கறுப்பு வெள்ளைதான்.

"அது ஸ்டைலு மாமா," என்றான் பிரவீன். "ஊர்ல எல்லா ஆப்புலயும் கலரக் கொட்டி வச்சிருக்கானுக. இது ஒண்ணுதான் பளிச்சுனு நிக்கும். இவனுக்கு டிசைன் மண்டை."

சண்முகராஜ் அவசரப்படாமல் ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு, கழுவி விட்ட வாசல் மாதிரி. ஆனா ஏலே, நாம விக்கிறதே பச்சையத்தான. அது இல்லாம எப்படி? நாலு தரத்துக்கு நாலு வட்டம் போட்டு வச்சிருக்கேல்ல, அதுல மட்டும் நாலு பச்சை குடு. காலைல சாம்பிள் தட்ட எடுத்து வைக்கிறேன், பாத்துப் போடு. அடுத்த மாசம் இந்த மேசைல உக்காரப் போறவன் நீ. இனிமே உன் கண்ணுதான் இந்தக் கடைக்குக் கண்ணு."

"சரிப்பா," என்றான் அஜய்.

அவனுக்குப் பச்சை தெரியாது. நல்ல பச்சை ஏலக்காயும், வெளுத்துச் செம்பட்டையடித்த ஏலக்காயும் அவன் கண்ணுக்கு ஒரே மாதிரித்தான் இருந்தன. பதினெட்டு வயது வரை அதை ஒருவருக்கும் தெரியாமல் வைத்திருந்தான்.

அன்று ராத்திரி வீடு அடங்கியதும் கூடத்துக்கு வந்தான். அப்பாவின் பை ஆணியில் தொங்கியது. அதிலிருந்து நாலு சாம்பிள் பொட்டலங்களை எடுத்துத் தரையில் பிரித்து, டியூப் லைட் வெளிச்சத்தில் படம் பிடித்தான். படத்தில் தொட்ட இடத்தின் நிறத்தை எண்ணாகச் சொல்லும் ஆப் ஒன்று அவனிடம் உண்டு. இத்தனை நாள் அவனைக் காப்பாற்றியது அதுதான். இன்று அதுவும் ஏமாற்றியது. ஒரே காயைத் தொடத் தொட வேறு வேறு எண் வந்தது. நிழல் விழுந்தால் ஒன்று, லைட் பட்டால் ஒன்று. ஏதோ நாலு எண்களை எடுத்து வட்டங்களில் போட்டான், அழித்தான், திரும்பப் போட்டான். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தான். வந்து உட்கார்ந்து மறுபடி அழித்தான்.

"திருட்டுப் பூனை கணக்கா அங்கன உக்காந்து என்னடா பண்ற?"

அக்கா சொர்ணலதா. தேனியில் நர்சிங் படிக்கிறாள், லீவுக்கு வந்திருந்தாள். அவன் மூடி மறைப்பதற்குள் பக்கத்தில் குந்தி மொபைலைப் பிடுங்கிக்கொண்டாள்.

"மொத ரெண்டும் சரி. மூணாவது என்னடா, சாணிக் கலரு? நாலாவது செங்கல்லு மாதிரி இருக்கு."

"வெளாட்டுக்குச் சொல்லாதக்கா."

"யாரு வெளாடுனா? அப்பா பாத்தா செருப்பக் கழட்டுவாக." சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். "ஏண்டா இப்படி வேர்க்குது உனக்கு?"

அவன் அப்பா படுத்திருந்த அறைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

"யார்ட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லுக்கா. சத்தியமா? எனக்குப் பச்சை தெரியலக்கா. சிவப்பும் சரியாத் தெரியல. சின்னப் பிள்ளைல பந்து புல்லுக்குள்ள விழுந்தா நான் மட்டும் தேடிக்கிட்டே கெடப்பேன்ல? சோம்பேறின்னு அடிப்பானுக. எனக்குப் பந்தும் புல்லும் ஒண்ணாத்தான் தெரிஞ்சுச்சு. தக்காளி வாங்கப் போனா காயா அள்ளிட்டு வாரேன்னு அம்மா திட்டுவாகள்ல, அதுவும் இதான். நெட்டுல படிச்சுப் பாத்தேன், மருந்தே கெடையாதாம். இப்ப எல்லாரும் ஸ்டைலுங்கறாக, டிசைன் மண்டைங்கறாக. ஒரு மண்டையும் இல்ல. தெரியாத கலரத் தொடப் பயந்துக்கிட்டு ஒண்ணொண்ணா எடுத்து வெளிய போட்டேன். கறுப்பும் வெள்ளையும்தான் மிஞ்சுச்சு. நாளைக்கு அப்பா முன்னாடி எப்படிக்கா நிப்பேன்? ஏலக்கா யாவாரி மகனுக்குப் பச்சை தெரியாதுன்னு பஜாரே சிரிக்கும்."

லதா தன் சுடிதாரைப் பிடித்துக் காட்டினாள். "இது என்ன கலரு?"

"அக்கா..."

"சொல்லுடா. சரி, அந்தப் பக்கெட்டு?"

"இதுக்குத்தான் யார்ட்டயும் சொல்லல!" அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "சொன்னா எல்லாரும் இதைத்தான் கேப்பாக. இது என்ன, அது என்னன்னு. சர்க்கஸ் குரங்கா நானு?"

அவள் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். பொட்டலங்களைத் தன் பக்கம் நகர்த்தி, யோசிக்காமல் வரிசைப்படுத்தினாள். "அப்பா மொதல்ல கை வைக்கிறது இதுலதான். அடுத்தது இது. இது சுமாரு. இதத் தள்ளி விட்டுருவாக." சாம்பிள் மேசைக்கு அவளை யாரும் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. சாப்பாட்டுக் கேரியரைக் கொண்டுபோய் வைக்கும்போது பார்த்ததுதான்.

நாலு வட்டத்துக்கும் அவளே நிறம் போட்டாள். "அப்பா எப்பவுமே தட்ட இடதுலருந்து வரிசையாத்தான் வைப்பாக. நீயும் இடதுலருந்து கையக் காட்டு. தப்பிச்சிருவ."

"நாளைக்குத் தப்பிச்சிருவேன். அப்புறம்?"

அவள் பொட்டலங்களை மடித்து அப்பாவின் பைக்குள் திரும்ப வைத்தாள். அவன் பாயில் புரண்டுகொண்டே கிடந்தான். கண்ணை மூடினால் நாலு வட்டமும் வந்து நின்றன, நாலும் ஒரே நிறத்தில்.

காலையில் கடையில் நாலு தட்டும் வரிசையாக இருந்தன. லதா பஸ்ஸுக்குப் போகிறவள் மாதிரி பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். சண்முகராஜ் மொபைலைத் தட்டுகளுக்குப் பக்கத்தில் பிடித்து ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"பாத்தியா முத்துராஜா? எம்மவன் கண்ணு!"

தப்பித்துவிட்டோம் என்று நினைத்தான் அஜய்.

முத்துராஜா தட்டுகளை வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார். சரக்கு பார்க்கிற யாரும் செய்வதுதான். காயை அளைந்தார், மோந்தார், திரும்ப வந்து கைக்கு வந்தபடி மேசையில் வைத்தார். இப்போது எந்தத் தரம் எங்கே இருக்கிறது என்று அஜய்க்குத் தெரியவில்லை.

"எனக்கு அந்த ரெண்டாம் தரத்துல ஒரு மூட்டை போடுங்க," என்றார்.

சண்முகராஜ் போனில் யாருடனோ பேச்சில் இருந்தார். பேசிக்கொண்டே மகனுக்குக் கண்ணைக் காட்டினார். "அந்தத் தட்ட எடுத்து மாமாட்ட குடு."

அஜய் கையை நீட்டினான். நாலு தட்டு. வாசலில் லதா இருமினாள், ஒரு தடவை, மறுபடி ஒரு தடவை. அதற்கு ரெண்டாவது என்று அர்த்தமா, வலது என்று அர்த்தமா? கை காற்றிலேயே நின்றது. ஏதாவது ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடலாம். நாளைக்கும் இப்படி ஒன்று, அதற்கு அடுத்த நாளும்.

"தெரியலப்பா," என்றான்.

"என்ன தெரியல?"

"எதுன்னு தெரியல. எனக்கு நாலும் ஒரே கலராத்தான் தெரியுது. பொறந்ததுலருந்தே. நேத்து அந்த நாலு பச்சையும் அக்கா போட்டது."

சண்முகராஜ் போனைக் கீழே வைத்தார். ஒரு காயை எடுத்து மகன் முகத்துக்கு நேரே பிடித்தார். "இது?" வேறொரு தட்டிலிருந்து இன்னொன்று. "இது?" அஜய் ஒவ்வொன்றுக்கும் தெரியவில்லை என்று தலையாட்டினான். ராத்திரி அக்காவிடம் வந்த கோபம் இப்போது வரவில்லை. அப்பாவின் விரலிடுக்கில் இருந்த காயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

சண்முகராஜ் காய்களைத் தட்டில் போட்டுவிட்டுக் கையை நீட்டினார்.

"பைக் சாவியக் குடு."

கொடுத்தான். அவர் அதை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார். "போன வாரம் தேனிக்கு ஓட்டிக்கிட்டுப் போனியேடா பாவி. சிக்னல்ல என்ன பண்ணுன?"

"மேல எரிஞ்சா சிவப்பு, கீழ எரிஞ்சா பச்சை. எந்த எடத்துல எரியுதுன்னுதாம்பா பாப்பேன்."

"நடுவுல?"

"மஞ்சளு. அது எனக்குத் தெரியும்."

சண்முகராஜ் நாற்காலியில் உட்கார்ந்தார். மொபைலை எடுத்து அந்தக் கறுப்பு வெள்ளைத் திரையை வெகுநேரம் பார்த்தார். அவர் பார்க்கிறாரா, வெறுமனே பிடித்துக்கொண்டிருக்கிறாரா என்று அஜய்க்குப் புரியவில்லை. நின்ற இடத்தில் நிற்க முடியாமல் கால் மாற்றிக்கொண்டான்.

"பிரவீனுக்குப் போனப் போடு," என்றார் கடைசியில். "இந்த நாலு வட்டத்தையும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா வைக்கச் சொல்லு. மேல இருக்கறது மொதத் தரம். கறுப்பாவே இருக்கட்டும்."

"அப்ப பச்சை வேணாமா?" என்றார் முத்துராஜா.

"காய்ப் படத்துல மட்டும் இருக்கட்டும். மத்ததெல்லாம் எம்மவன் போட்டபடி இருக்கட்டும்." வாசலைப் பார்த்தார். "ஆத்தா லதா, இங்கன வா. ரெண்டாம் தரம் எதுன்னு மாமாவுக்கு எடுத்துக் குடு."

லதா பையைக் கழற்றாமலே வந்து ஒரு தட்டை எடுத்துக் கொடுத்தாள். கை போன போக்கில் மற்ற மூன்றையும் வரிசையாக வைத்தாள். சண்முகராஜ் அதைப் பார்த்தார்.

அடுத்த மாதம் அந்த மேசையில் யார் உட்காருவது என்று அவர் சொல்லவில்லை. சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார். அஜய் திரும்பி நடக்கும்போதுதான் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏலே, சாயங்காலம் தேனிக்குப் போறோம். நான் பின்னால உக்காந்து வாரேன். ஓட்டிக் காட்டு."