ஐந்து பலூனும் ஒரு மழையும்

மார்ச் மாதம் இரண்டாம் வாரத்தில் லீலாபாய் கால்வாய்க்குள் விழுந்தாள். தொழிலுறுதி என்கிற நூறு நாள் வேலைக்குப் போன பதினான்கு பெண்கள் கரையில் புல் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். மணி பதினொன்றுகூட ஆகவில்லை. மண்வெட்டியைக் கீழே வைத்தவள் அப்படியே சரிந்துவிட்டாள். நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்து எழுந்து வந்தவள் வார்டு மெம்பர் சரசம்மாவிடம் ஒன்றுதான் கேட்டாள்.

"இந்த வெயிலுக்கு நீங்க ஏதாவது செய்யப்பிடாதா மெம்பரே?"

தெருவிளக்குக்கும் குடிநீர்க் குழாய்க்கும் எந்த ஆபீசில் யாரைப் பார்க்க வேண்டும் என்று சரசம்மாவுக்குத் தெரியும். வெயிலுக்கு ஆபீஸ் எது என்று தெரியவில்லை. அந்தக் கேள்வி அவளை நான்கு நாள் தூங்கவிடவில்லை. ஐந்தாம் நாள் செந்தில்வேல் வந்தார்.

நெய்யாற்றின்கரைக்காரர்தான், பெங்களூரில் படித்துவிட்டு 'குளிர்வானம்' என்ற புதிய கம்பெனியில் அதிகாரியாக இருந்தார். ரப்பர் மரம் வெட்டி மொட்டையாகக் கிடந்த குன்றிலிருந்து ஐந்தே ஐந்து பலூன் விட வேண்டும், மெம்பர் ஒரு சம்மதக் கடிதம் தர வேண்டும் என்றார். பலூனுக்குள் சுண்ணாம்பு மாதிரி ஒரு தூள் இருக்கும். உயரத்தில் பலூன் வெடித்துத் தூள் பரவினால், வருகிற வெயிலில் ஒரு பங்கை அது வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும்.

"இதுல கெடுதல் ஏதும் உண்டா சார்?"

"அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்தச் சோதனையே, மெம்பர்."

பதில் ஒளிவுமறைவில்லாமல் இருந்ததால் அவளுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அந்தப் பதிலுக்கு என்ன பொருள் என்று அவள் யோசித்தது கையெழுத்துப் போட்ட பிறகு. கூட வந்திருந்த தன்யா என்ற விஞ்ஞானிப் பெண் வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

"சேச்சி, இந்த அஞ்சு பலூனால வெயில் ஒண்ணும் குறையாது. தூள் எப்படிப் பரவுதுண்ணு பாக்கத்தான். ஆளுக கேட்டா அப்படியே சொல்லணும்."

"சொல்லுதேன் மக்கா," என்றாள் சரசம்மா.

செவ்வாய்க்கிழமை இரண்டு பலூன் மேலே போயின. வியாழக்கிழமை கடல் பக்கமிருந்து மேகம் வந்து வானத்தை மூடியது. காற்று குளிர்ந்தது. லீலாபாய் நேரில் வந்து சரசம்மாவின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள். மறுநாள் டீக்கடை சஜி முக்கில் ஃப்ளெக்ஸ் கட்டினான், மலையாளத்தில் ஒன்று, தமிழில் ஒன்று. சரசம்மா கைகூப்பி நிற்க, தலைக்குப் பின்னால் சூரியன் சோர்ந்துபோய் இறங்கிக்கொண்டிருந்தது. 'வெயிலை வென்ற வீராங்கனை' என்று கீழே எழுத்து.

தன்யா அதைப் பார்த்துவிட்டு போன் செய்தாள். "இது எங்க வேலை இல்ல சேச்சி. கடல்ல காத்தழுத்தத் தாழ்வு."

"தெரியும் மக்கா. ஆளுகளுக்கு ஒரு சந்தோஷம். இருந்துட்டுப் போட்டு."

முதலில் ஆட்கள் கும்பிட்டபோது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. சனிக்கிழமைக்குள் கூச்சம் போய்விட்டது. மீதி மூன்று பலூனும் போன அன்று, குன்றின்மேல் நின்று அண்ணாந்து பார்க்கையில் ஆகாயத்தில் தனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு என்றே அவளுக்குத் தோன்றியது.

திங்கட்கிழமை நண்பகலில் மழை வந்தது. இந்தப் பக்கம், கேரளத்தில், தூறலோடு நின்றது. எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், காற்றோடு முக்கால் மணி நேரம் அடித்து ஊற்றியது. சரசம்மாவின் அண்ணன் கிருஷ்ணன்குட்டி அங்கேதான் வாழை வைத்திருந்தார். நானூறு ஏத்தன் வாழை, எல்லாம் குலை தள்ளியவை. ஒன்று மிச்சமில்லாமல் நடுவில் முறிந்தன.

மறுநாள் காலை அவர் ஆறு பேரோடு பைக்கில் வந்து இறங்கினார். வீட்டுக்குள் ஏறவில்லை.

"எட்டி சரசு, எனக்க வாழை எல்லாம் போச்சு."

"கேட்டேன் அண்ணா. நான் அங்கோட்டு வாறதுக்குத்தான் இறங்கினேன்."

"நீ வரண்டாம். இந்த மழைக்குப் பதிலு சொன்னா போரும்."

"அது பலூன் கொண்டுவந்த மழை இல்ல. சும்மா வந்த மழையாக்கும்."

"அப்ப வெயிலு தணிஞ்சது?"

அண்ணனுக்குப் பின்னால் முக்கில் சரசம்மாவின் ஃப்ளெக்ஸ் தெரிந்தது. அந்த மழை தன்னுடையது இல்லை என்று சொல்ல வேண்டுமானால், அந்தக் குளிரும் தன்னுடையது இல்லை என்று சொல்லியாக வேண்டும். அதைச் சொல்ல ஐந்து நாள் இருந்தது, அவள் சொல்லவில்லை.

"வெயிலு குறைஞ்சா ஒனக்க திறமை, மழை பெய்தா சும்மா வந்தது," என்றார் கிருஷ்ணன்குட்டி. "கொள்ளாம், ரொம்ப நல்லாருக்கு."

அவர்கள் போனதும் அவளே ஏணி வைத்து ஏறி ஃப்ளெக்ஸ் இரண்டையும் அவிழ்த்தாள். மெம்பர் தடயத்தை அழிக்கிறாள் என்று அன்று மாலையே பேச்சு கிளம்பியது.

அவள் தன்யாவிடம் போனாள். அந்த மழைக்கும் பலூனுக்கும் தொடர்பில்லை என்று ஒரு தாளில் எழுதித் தரும்படி கேட்டாள்.

"வாயால சொல்லுவேன் சேச்சி. அஞ்சு பலூன் ஒரு மழையைப் பிடிச்சிட்டு வராது. ஆனா எழுதித் தர முடியாது. 'தொடர்பு இருப்பதாகவோ இல்லை என்றோ கூற இயலாது' அப்படித்தான் எழுத விடுவாங்க."

"பெரிசா செய்தா? அப்ப தெரியுமா?"

"பெரிசா செய்தா மழை மாறலாம். ஒரு இடத்துல குறையும், இன்னொரு இடத்துல கூடும். ஆனா உங்க அண்ணனுக்க வாழையில விழுந்த அந்த ஒரு மழை யாருக்கதுண்ணு கேட்டா, அப்பவும் இதே பதில்தான்."

ஏப்ரலில் கிராமசபை கூடியது. இரண்டாம் கட்டத்துக்கு ஊரின் சம்மதம் வேண்டுமென்று செந்தில்வேல் வந்திருந்தார். சாதாரணமாக முப்பது பேர் வருகிற இடத்தில் முந்நூறு பேர். ஆளுக்கு ஒரு வானிலை வேண்டியிருந்தது. பப்படம் போடுகிற ஜிஜாவுக்கு மதியம் இரண்டு மணிவரை வெயில் குறையக் கூடாது. ரப்பர் பால் எடுக்கிறவர்களுக்கு விடியற்காலை மழை ஆகாது. சஜிக்குத் தங்கை கல்யாணம் பதினெட்டாம் தேதி. அன்று மட்டும் மேகம் போதும், மழை வேண்டாம். கிணறு வற்றியவர்கள் மழை இல்லாமல் மேகம் எதற்கு என்று சண்டைக்கு வந்தார்கள்.

சரசம்மா மைக்கை வாங்கினாள். அன்றைக்கு வந்த குளிர் கடல்காற்றால் வந்தது, எனக்கு அது முதலிலேயே தெரியும், தெரிந்தே பேசாமல் இருந்தேன் என்றாள். கூட்டம் அமைதியாகக் கேட்டது. பிறகு பின்னாலிருந்து ஒருவர், "கேசு வருமோண்ணு மெம்பருக்கு பயம், அதான் மாத்திச் சொல்லுதா," என்றார். எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது.

அவள் செந்தில்வேல் பக்கம் திரும்பினாள். "பெரிசா தொடங்கினப் பெறவு, பாதியில நிறுத்தணும்ணா யாரை விளிக்கணும் சார்?"

"பாதியில நிறுத்தக் கூடாது மெம்பர். நிறுத்தினா அதுவரை தடுத்து வச்ச சூடு முழுக்க நாலஞ்சு வருஷத்துல வந்து இறங்கிடும்."

"அப்ப எத்தன வருஷம் விடணும்?"

"நூறு வருஷம்னு வச்சுக்கலாம்."

"உங்க கம்பெனி தொடங்கி எத்தன வருஷம் ஆச்சு?"

"ரெண்டரை," என்றார் செந்தில்வேல். கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

தீர்மானம் நிறைவேறியது. எதிர்த்து எழுந்த கை ஒன்றே ஒன்று; அது மெம்பருடையது. லீலாபாய்கூட ஆதரவாகத்தான் கை தூக்கினாள். அவளைக் குறை சொல்ல சரசம்மாவுக்கு மனம் வரவில்லை. ஆனால் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டாள். அதற்குப் பதில் நான்கு முறை ஆபீசுக்கு நடந்து, தொழிலுறுதி வேலை நேரத்தைக் காலை ஆறு மணிக்கு மாற்றி வாங்கினாள். விடியுமுன்னே எழுந்திருக்க வைத்துவிட்டாளே என்று அதற்கும் முணுமுணுப்பு இருந்தது.

மே மாதம் அண்ணன் போனில் கூப்பிட்டார். மழைக்குப் பிறகு அவர் பேசியது அன்றுதான். குரலில் கோபம் இல்லை. நீ கையெழுத்துப் போடாததால் குளிர்வானம்காரர்கள் எல்லை தாண்டி வந்துவிட்டார்கள், வெறுமனே கிடந்த வாழைத்தோட்டத்தைப் பலூன் விடக் கொடுத்துவிட்டேன் என்றார்.

"அண்ணா, நிறுத்தணும்ணா என்ன செய்யியதுண்ணு கேட்டியளா?"

"நிறுத்துததா? இன்னும் தொடங்கவே இல்லியே மக்கா." அவர் சிரித்தார். "நீ பயப்படாத. ஒனக்கு எந்த நாளு மழை வேணும்ணு மட்டும் சொல்லு. நான் இங்க பாத்துக்கிடுதேன்."