அக்கா மடியில் முதலை

தாலுகா ஆபீஸ் குமாஸ்தா கோதண்டராமன் கேமரா வாங்கிய நாளிலிருந்து அந்தக் குடும்பத்தில் யாரும் இயல்பாக நிற்க முடியாமல் போயிற்று. எழுபத்தொன்பதாம் வருஷக் கோடை விடுமுறையில் சாத்தனூர் அணைக்குப் போனபோதும் அப்படித்தான். புளிசாதத்தில் கை வைத்த பிள்ளைகளை எழுப்பி வெயிலைப் பார்த்து நிற்க வைத்தார். மனைவி உண்ணாமலையைச் சிரிக்கச் சொல்லிவிட்டு, பல் தெரியக் கூடாது என்றார்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து கூட வந்திருந்த அவருடைய அக்கா பாஞ்சாலை மட்டும் இதற்கெல்லாம் மசியவில்லை. கேமராவைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முதலைப் பண்ணையில் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, வாயைப் பிளந்து படுத்திருந்த ஒரு முதலையை அவர் படம் பிடித்த நிமிஷம்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை. முதலையை எடுக்கிறவன் கூடப்பிறந்தவளை ஒரு படம் எடுக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டு, பக்கத்து பெஞ்சில் ஆரணிப் பட்டுப்புடவையை விரித்து உட்கார்ந்தும்விட்டாள். அக்கா மனம் மாறிவிடுவாளோ என்ற அவசரத்தில் கோதண்டராமன் ஓடிப்போய் பட்டனை அழுத்தினார். நடுவில் ஃபிலிமைச் சுற்ற மறந்துபோனார். சுற்றாவிட்டால் ஒரு படத்தின் மேலேயே அடுத்த படமும் விழுகிற கேமரா அது.

ஸ்டுடியோவில் கழுவி வந்த படத்தில் அக்கா கம்பீரமாக உட்கார்ந்திருந்தாள். மடியில் முதலை. அதன் வால் அவளுடைய தோளைத் தாண்டிப் போயிருந்தது. அந்த நாத்தனாரோடு பதினைந்து வருஷம் குப்பை கொட்டிய உண்ணாமலை, படத்தைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போனாள். வெகுநேரம் வெளியே வரவில்லை.

அடுத்த வாரமே வேர்க்கடலை மூட்டையோடு பாஞ்சாலை வந்து இறங்கினாள். கால் கழுவுவதற்கு முன்பே படத்தைத்தான் கேட்டாள். வெளிச்சம் பட்டு ஃபிலிம் வீணாகிவிட்டதென்று கோதண்டராமன் தரையைப் பார்த்துச் சொன்னார். காபியோடு வந்த உண்ணாமலை, ரொம்பச் சாதுவாக வாயைத் திறந்தாள்.

“ஏங்க, அண்ணி படம் பீரோ மேல இருக்குதே, மறந்துட்டீங்களா?”

பாஞ்சாலை படத்தை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். காபி ஆறிப்போயிற்று.

“மடியில இன்னாடா இது?”

“முதலைக்கா.”

மறுபடியும் பார்த்தாள். அவள் கல்யாணத்துக்குக்கூட யாரும் படம் எடுத்ததில்லை.

“நான் நல்லாத்தான் உக்காந்துனு இருக்கேன்” என்றாள். “இதைப் பெருசாப் போட்டுக் கண்ணாடி மாட்டிக் குடு.”

கீழ்பென்னாத்தூர் வீட்டில் நுழைந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் அது தொங்கியது. கடலை வாங்க வந்த வியாபாரிகள் வந்த வேலையை மறந்து நின்று பார்த்தார்கள். கடிக்கவில்லையா என்று கேட்டவர்களுக்கு அவள் பதிலே சொல்வதில்லை. அவள் புருஷன் கண்ணாயிரம் மட்டும், முதலையின் கண்ணில்தான் பயம் தெரிகிறது என்று ஆளில்லாத நேரமாகப் பார்த்துச் சொல்வார்.

கோதண்டராமனுக்கு அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் உடம்பு கூசியது. பொங்கலுக்குப் புது ஃபிலிமோடு போய், இந்தத் தடவை ஒழுங்காக எடுத்துத் தருவதாகக் கெஞ்சினார்.

“அதெல்லாம் வேணாம்டா” என்றாள் பாஞ்சாலை. “வெறும் மடியோட உக்காந்தா எவன் பாக்கப் போறான்?”

அவர் கொல்லைப்பக்கம் போய், மாமாவையும் அவருடைய உழவு மாட்டையும் எடுத்தார். தனித்தனியாக.